ரீஜன் தேர்வில் நாம் செய்யும் பிழைகள்

கிளவுட் கணக்கைத் திறந்ததும் ரீஜன் பட்டியலில், அதாவது நம் செயலியும் தரவும் இருக்கப்போகும் டேட்டா சென்டர்களின் ஊர்ப் பட்டியலில், ஏற்கெனவே ஒன்று தேர்வாகியிருக்கும். பலர் அதைத் தொடுவதே இல்லை. முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது.

நான் பார்த்த ஒரு திட்டத்தில் செயலி மும்பையில் இருந்தது, டேட்டாபேஸ் அமெரிக்காவின் வர்ஜீனியாவில். யாரோ சோதனைக்காகத் தொடங்கியது அப்படியே நிலைத்துவிட்டது. செயலி டேட்டாபேஸிடம் கேட்கும் ஒரு கேள்வி போய்த் திரும்பச் சுமார் 200 மில்லி விநாடி ஆகும். ஒரு பக்கம் திறக்க அடுத்தடுத்து 20 கேள்விகள். 4 விநாடி கடலுக்கடியிலேயே கரைந்தது. சர்வரைப் பெரிதாக்கிப் பார்த்தார்கள், பயனில்லை. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். அதைக் காசு கொடுத்துக் கூட்ட முடியாது. செயலியும் அதன் டேட்டாபேஸும் ஒரே ரீஜனில் இருக்கட்டும்.

வரைபடத்தைப் பார்த்துத் தூரம் கணிப்பதும் ஏமாற்றும். தரவு கேபிள் போகும் வழியில்தான் ஓடும்; சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 2002 முதலே நேரடிக் கடலடிக் கேபிள் இருக்கிறது. பயனர்கள் இருக்கும் ஊரிலிருந்தே பிங் அடித்து, போய்த் திரும்பும் நேரத்தை அளந்து பாருங்கள்.

எந்த ரீஜன் பசுமையானது என்ற கணக்கில்தான் பெரிய குழப்பம். கிளவுட் நிறுவனங்கள் சொல்லும் ‘100 சதவீதம் புதுப்பிக்கத்தக்க ஆற்றல்’ என்பது பெரும்பாலும் ஆண்டுக் கணக்கு: செலவான அளவுக்குச் சமமாக எங்கோ காற்றாலை, சூரிய மின்சாரம் வாங்கியாயிற்று என்று பொருள். இரவு 2 மணிக்கு உங்கள் சர்வருக்கு வருவதோ அந்த ஊர் மின்கட்டமைப்பில் அப்போது ஓடும் மின்சாரம். இந்தியாவில் அது பெரும்பாலும் நிலக்கரி, சிங்கப்பூரில் இயற்கை எரிவாயு. சுவீடனில் நீர், அணு, காற்று. டேட்டா சென்டரின் மொத்த மின்சாரத்தை அதன் கணினிகளுக்குப் போகும் மின்சாரத்தால் வகுத்தால் வரும் பி.யு.இ. எண்ணைக் காட்டி யாராவது பெருமைப்பட்டால் மயங்காதீர்கள். 1.1 என்றால் கணினிகளுக்குப் போகும் 10 யூனிட்டுக்குக் கூடுதலாக ஒரு யூனிட் குளிரூட்டல் முதலியவற்றுக்குப் போகிறது, அவ்வளவுதான். எரிந்தது நிலக்கரியா என்பதை அது சொல்லாது. கூகுள் தன் ரீஜன்களுக்குக் கார்பனற்ற மின்சார விகிதத்தை வெளியிடுகிறது. பார்க்க வேண்டியது அந்த எண்ணை.

அதற்காக எல்லாவற்றையும் ஸ்டாக்ஹோமுக்கு மூட்டை கட்டக் கூடாது. மதுரையில் டிக்கெட் எடுப்பவர் காத்திருக்க மாட்டார். ஏ.ஐ. மாடல் பயிற்சி, வீடியோ வடிவ மாற்றம் போல யாரும் எதிர்பார்த்து உட்கார்ந்திராத வேலைகளை அங்கே அனுப்பலாம். தரவு பல டெராபைட் என்றால் அதை ரீஜன் விட்டு ரீஜன் அனுப்பும் கட்டணத்தை முதலில் கணக்கிடுங்கள். பணப்பரிவர்த்தனைத் தரவு என்றால் இந்த யோசனையே வேண்டாம்: 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி பிறப்பித்த உத்தரவுப்படி அது இந்தியாவில்தான் சேமிக்கப்பட வேண்டும். இந்தியாவுக்குள் எந்த ரீஜன் என்பது மட்டுமே உங்கள் கையில்.