‘ஸ்லோ’ என்று எழுதி நான் கெடுத்த காரியம்

தாராவி நைன்ட்டி ஃபீட் ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடியறை. ஞாயிறுதோறும் அங்கே பத்துப் பதினைந்து பேருக்கு ஆங்கிலம் பேசப் பழக்குகிறேன். கல்லூரி முடித்த பிள்ளைகள், கூரியர் கம்பெனியில் இருப்பவர்கள், இரண்டு தையல்காரர்கள். போன வாரம் மாதிரி நேர்காணல் வைத்தேன். “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றதும் ஒரு பையன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “ஐ ஆம் ஸ்லோ அண்ட் ஸ்டெடி, சார்” என்றான். போன மாதம் ஒரு பெண்ணும் இதையேதான் சொன்னாள். இந்தச் சொல்லால் நான் ஒருவனுக்குச் செய்த கெடுதல் ஞாபகம் வந்து எனக்கு வயிறு எரிந்தது.

வேகத்தையும் மெதுவையும் ஆங்கிலத்தில் சொல்லும்போது நாம் செய்கிற தவறுகள் நிறைய. ‘ஃபாஸ்ட்லி’ என்று இன்றைக்கு யாரும் எழுதுவதில்லை, ‘ஃபாஸ்ட்’ என்றாலே போதும் என்பதெல்லாம் எல்லா இலக்கணப் புத்தகத்திலும் இருக்கிறது. அதை விடுங்கள். புத்தகத்தில் சிக்காதவற்றைச் சொல்கிறேன்.

சீக்கிரம்

நமக்கு இது ஒரே சொல். “நாளைக்குச் சீக்கிரம் வா”, “சீக்கிரம் மழை வரும்”, “சீக்கிரம் சாப்பிடு” என்று எல்லாவற்றுக்கும் சீக்கிரம்தான். ஆங்கிலத்தில் முதலாவது ஏர்லி, இரண்டாவது சூன், மூன்றாவது குவிக்லி. நம்மவர்கள் மூன்றுக்கும் ஃபாஸ்ட்டைப் போட்டுவிடுகிறார்கள். அலுவலகத்தில் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப அனுமதி கேட்டு, “டுடே ஐ வில் கோ ஃபாஸ்ட்” என்று எழுதினால், ஓடப்போகிறீர்கள் என்றுதான் அர்த்தம்.

மும்பையில் இது லேசில் திருந்தாது. இந்தியில் ‘ஜல்தி’ என்றாலும் இந்த மூன்றும்தான், மராட்டியில் ‘லவ்கர்’ என்றாலும் அதேதான். எனவே “கம் ஃபாஸ்ட்” என்றால் பக்கத்து மேசைக்காரருக்குச் சரியாகவே புரிந்துவிடும், திருத்த ஆளிருக்காது. லண்டனிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஒரு ஃபோன் வரும்போதுதான் சாயம் வெளுக்கும்.

நிதானமான ஆளை ஸ்லோ என்பது

இதுதான் எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

அந்தேரியில் ஒரு சரக்கு அனுப்பும் கம்பெனியில் பல வருடம் வேலை பார்த்தேன். என்னிடம் அம்பாசமுத்திரத்துப் பையன் ஒருவன் இருந்தான். கப்பல் பத்திரங்களைச் சரிபார்ப்பது அவன் வேலை. கன்டெய்னர் எண் என்பது நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும். அந்தப் பதினொன்றையும் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படிப்பான், அப்புறம் தலைகீழாக ஒரு தரம் படிப்பான். பக்கத்தில் இருப்பவர்கள் மூன்று ஃபைல் முடிக்கும் நேரத்தில் இவன் இரண்டுதான் முடிப்பான். ஆனால் அவன் கைபட்ட பத்திரத்தில் எண் தப்பி நாவா ஷேவா துறைமுகத்தில் பெட்டி மாட்டிக்கொண்டதாக ஒரு நாளும் கேட்டதில்லை. மற்றவர்கள் வேகமாக முடித்த ஃபைலுக்குக் கம்பெனி டெமரேஜ், அதாவது பெட்டி தங்கியதற்கான தாமதக் கட்டணம், கட்டியதுண்டு.

வெளிநாட்டு அலுவலகத்தில் ஒரு நல்ல இடம் காலியானது. அங்கிருந்த மேலாளர் அவனைப் பற்றி என்னிடம் மெயிலில் கேட்டார். மனதுக்குள் “கொஞ்சம் நிதானம், ஆனா தங்கமான வேலை” என்று சொல்லிக்கொண்டே நான் எழுதினேன்: “ஹீ இஸ் எ பிட் ஸ்லோ, பட் வெரி குட்.” அனுப்பும்போது அவனை மெச்சி எழுதிவிட்ட திருப்தி வேறு.

மறுநாள் பதில் வந்தது. நன்றி, எங்களுக்கு இன்னும் துடிப்பான ஆள் வேண்டும் என்று இரண்டே வரி. இடம் வேறொருவருக்குப் போயிற்று. நான் என்ன எழுதினேன் என்று அவன் கேட்கவே இல்லை. இன்றைக்கும் பொங்கலுக்கு ஃபோன் செய்து “அண்ணே, நல்லா இருக்கீங்களா?” என்கிறான். அந்தக் குரலைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கூசுகிறது.

என்ன நடந்தது? நம் ஊரில் அவசரப்படாதவன் கெட்டிக்காரன். பதறாத காரியம் சிதறாது என்று சொல்லித்தான் வளர்க்கிறார்கள். ஆத்திரக்காரனுக்குத்தான் புத்தி மட்டு. ஆங்கிலத்தில் அந்த மட்டமான இடம் ஸ்லோவுக்குக் கிடைத்திருக்கிறது. ஒரு மனிதரை ஸ்லோ என்றால் ஒன்று வேலை ஓடாத ஆள், இல்லாவிட்டால் விஷயம் மண்டையில் ஏற நேரமாகும் ஆள். ‘ஸ்லோ லேர்னர்’ என்ற பேச்சே அதில் வந்ததுதான். ‘எ பிட்’ போட்டால் காரம் குறையும் என்று நினைத்தேன். அதுவும் தப்பு. ஆங்கில அலுவலகக் கடிதத்தில் குறையை மரியாதைக்காகச் சிறிதாக்கித்தான் எழுதுவார்கள், படிக்கிறவர் அதைப் பெரிதாக்கிப் படித்துக்கொள்வார். கொஞ்சம் ஸ்லோ என்று நான் எழுதினேன், ரொம்ப மந்தம் என்று அவர் படித்தார்.

நிதானத்துக்கு ஒரே சொல்லாக ஆங்கிலத்தில் தேடாதீர்கள். எந்த நிதானம் என்று பாருங்கள். ஒன்றையும் விடாமல் பார்ப்பவர் என்றால் தரோ. ஒழுங்குமுறையாகச் செய்பவர் மெதாடிக்கல். பதறாதவர் என்றால் காம், அல்லது அன்ஹரீட். அளந்து பேசுபவர் மெஷர்ட். ‘டெலிபரேட்’டும் பொருந்தும், ஆனால் அதற்கு ‘வேண்டுமென்றே’ என்ற பொருளும் உண்டு. தவறு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அதை வைத்தீர்களோ, கதை கந்தல். ‘டேக்ஸ் ஹிஸ் டைம்’ என்பதும் வேண்டாம், சொல்கிற தொனியைப் பொறுத்து அது குத்தலாகிவிடும். அன்று நான் “ஹீ இஸ் தரோ, அண்ட் ஹிஸ் ஃபைல்ஸ் டோன்ட் கம் பேக்” என்று எழுதியிருக்கலாம். அவ்வளவுதான், ஒன்பதே சொல்.

சரி, ‘ஸ்லோ அண்ட் ஸ்டெடி’ என்ன ஆயிற்று என்பீர்கள். அது ஆமைக் கதை. அங்கே முயல் தூங்கியது. நேர்காணலுக்கு வெளியே நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் முயல்கள் தூங்குவதாக எனக்குத் தெரியவில்லை. ஸ்டெடியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மெதுவாகப் பேசுங்கள்

குழந்தை தூங்கும்போது “மெதுவாப் பேசு” என்கிறோம். குரலைக் குறை என்று பொருள். அதையே “ஸ்பீக் ஸ்லோலி” என்றால், எதிரில் இருப்பவர் அதே சத்தத்தில் ஒவ்வொரு சொல்லாக இழுத்துப் பேசுவார். வேண்டியது சாஃப்ட்லி, அல்லது கொயட்லி. இந்தியின் ‘தீரே’, மராட்டியின் ‘ஹளூ’ இரண்டும் நம் மெதுவைப் போலவே இரட்டை வேலை பார்ப்பதால் இதிலும் மும்பை உங்களுக்கு உதவாது.

வண்டி ஸ்லோவா, லேட்டா?

வகுப்புக்கு வரும் ஒருவன் தன் மேலாளருக்கு, “ட்ரெயின் வாஸ் ஸ்லோ, சோ ஐ ஆம் லேட்” என்று எழுதினான். “அப்படியானால் ஃபாஸ்ட்டில் வா” என்று பதில் வந்தது. பாவம், அவன் ஏறுவது சயானில். அங்கே ஃபாஸ்ட் லோக்கல் நிற்காது. தண்டவாளப் பராமரிப்புக்காகத் தடத்தை மூடும் மெகா பிளாக் ஞாயிறுகளில் ஃபாஸ்ட் வண்டியை ஸ்லோ தடத்துக்குத் திருப்பினால்தான் நின்று போகும். மும்பையில் ஸ்லோ என்பது எல்லா நிலையத்திலும் நிற்கிற வண்டியின் வகை. ஸ்லோ லோக்கல் சரியான நேரத்துக்கு வரலாம், ஃபாஸ்ட் லோக்கல் இருபது நிமிடம் லேட்டாகவும் வரலாம். அவன் சொல்ல வந்தது லேட்.

ஃபாஸ்ட்டும் குவிக்கும்

ஓடுகிற வேகத்துக்கு ஃபாஸ்ட்: ஃபாஸ்ட் கார், ஃபாஸ்ட் பௌலர். குறைந்த நேரத்தில் முடிவதற்குக் குவிக்: குவிக் கால், குவிக் கொஸ்டின். தாமதமில்லாத பதில் என்றால் ப்ராம்ப்ட் ரிப்ளை. காலை நடை ப்ரிஸ்க் வாக். இவை ஜோடி ஜோடியாகப் பழகியவை, காரணம் கேட்காமல் ஜோடியாகவே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஐ ஆம் அர்ஜெண்ட்

வேலைதான் அர்ஜெண்ட். நீங்கள் இன் எ ஹரி.

இன் ஹை ஸ்பீட்

இன் இல்லை, அட் ஹை ஸ்பீட்.

ஃபாஸ்ட் கலர்

ஃபாஸ்ட் என்பதற்கு ஆங்கிலத்தில் மூத்த பொருள் ‘உறுதியாகப் பிடித்திருப்பது’. ‘ஃபாஸ்ட் அஸ்லீப்’ என்றால் வேகமாகத் தூங்குவதல்ல, அடித்துப் போட்டாற்போல் தூங்குவது. துணியில் ஃபாஸ்ட் கலர் என்றால் சாயம் போகாது. இது எனக்கு ஏழாம் வகுப்பில் தெரியாது. மாட்டுங்கா கடை ஒன்றில் அம்மா ஆசையாக எடுத்து வைத்த மாம்பழ நிறச் சேலையின் சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “அம்மா, இது சாயம் சீக்கிரம் போயிடுமாம், அவங்களே எழுதியிருக்காங்க” என்றேன். இங்கிலீஷ் படிக்கிற பிள்ளை சொன்னால் தப்பாது என்று அம்மா சேலையை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.