வீட்டில் பெரியவரைப் பார்த்துக்கொள்ள நல்ல ஆளைத் தேடுவது எப்படி?

வயதான அம்மாவையோ தாத்தாவையோ வீட்டோடு பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றதும், நாலு பேருக்குப் போன் போட்டு "நல்ல ஆள் யாராவது இருக்காங்களா?" என்று கேட்கத் தோன்றும். அதை மூன்று நாள் தள்ளிவையுங்கள். என்ன வேலைக்கு ஆள் தேடுகிறோம் என்று தெளிவில்லாவிட்டால், வருகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பொருந்தாமல் போய்விடும்.

படி 1: பெரியவரின் ஒரு நாளை எழுதுங்கள்

அந்த மூன்று நாளும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். குளிப்பது, உடை மாற்றுவது, கழிப்பறை போய்வருவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, சாப்பிடுவது. சிட்னி காட்ஸ் என்ற மருத்துவரின் குழு 1963-இல் வெளியிட்ட இந்த ஆறு அம்ச அளவுகோலை மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொன்றையும் அவரே செய்கிறாரா, யாராவது பிடித்துக்கொள்ள வேண்டுமா, முழுவதும் நாமே செய்ய வேண்டுமா என்று எழுதுங்கள்.

இரவை விட்டுவிடாதீர்கள். இரவில் நான்கு முறை எழுந்திருப்பவருக்குப் பகலில் மட்டும் ஆள் வைத்தால் வீட்டில் இருப்பவர்கள்தான் தூக்கம் கெட்டுச் சோர்ந்துபோவார்கள். மறதி நோய் உள்ள சிலருக்குச் சாயங்காலமானால் குழப்பமும் பதற்றமும் கூடும். அதையும் நேரத்தோடு குறியுங்கள்.

படி 2: உதவியாளரா, நர்ஸா?

ஊசி, சிறுநீர்க் குழாய், ஆழமான புண்ணுக்குக் கட்டு போடுவது என்றால் பயிற்சி பெற்ற நர்ஸ் வேண்டும். மற்றதற்கு அனுபவமுள்ள உதவியாளர் போதும்.

படி 3: நேரில் பேசுங்கள்

ஏஜென்சி மூலம் வந்தாலும் தெரிந்தவர் சொல்லி வந்தாலும் அடையாள அட்டையைச் சரிபாருங்கள். அப்புறம், "உங்களுக்கு என்னென்ன தெரியும்?" என்று கேட்பதைவிட நடக்கக்கூடிய ஒன்றைச் சொல்லிக் கேளுங்கள். "குளிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தால் என்ன செய்வீர்கள்?" "கீழே விழுந்துவிட்டால்?" உடனே தூக்கிவிடுவேன் என்பவரைவிட, முதலில் வலி இருக்கிறதா, தலையில் அடிபட்டதா என்று பார்ப்பேன் என்பவர் விஷயம் தெரிந்தவர். படுத்த படுக்கையாக இருப்பவர் என்றால், புண் வராமலிருக்க எத்தனை மணிக்கொரு தடவை திருப்பிப் படுக்கவைப்பீர்கள் என்று கேளுங்கள். இரண்டு மணிக்கொரு தடவை என்பதுதான் வழக்கமான கணக்கு.

பெரியவரும் கூட இருக்கட்டும். வந்தவர் அவர் முகம் பார்த்துப் பேசுகிறாரா, அவர் அங்கே இல்லாத மாதிரி உங்களிடம் மட்டும் பேசுகிறாரா? நான் அதிகம் நம்புவது இதைத்தான்.

படி 4: முன்பு வேலை பார்த்த வீட்டில் விசாரியுங்கள்

"மறுபடி தேவைப்பட்டால் இவரையே கூப்பிடுவீர்களா?" என்ற ஒரு கேள்வி போதும். எதிர்முனையில் தயக்கம் தெரிந்தால் காரணம் கேளுங்கள்.

படி 5: சில நாள் கூடவே இருங்கள்

வேலைக்குச் சேர்ந்த முதல் சில நாள் நீங்களும் வீட்டில் இருங்கள். எழுப்பும்போது கையைப் பிடித்து இழுக்கிறாரா? தோள்மூட்டு நழுவிவிடக்கூடும். வீல்சேரில் உட்காரவைக்கும் முன் பிரேக் போடுகிறாரா? நிமிர்ந்து உட்காரவைத்து, ஒரு வாய் விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்த வாய் ஊட்டுகிறாரா? உடை மாற்றும்போது கதவைச் சாத்துகிறாரா?

படி 6: பேசியதை எழுதிவையுங்கள்

வேலை நேரம், சம்பள நாள், வார விடுமுறை, அவர் வராத நாளில் யார் பார்ப்பது, எல்லாமே எழுத்தில் இருக்கட்டும். பெரியவரைப் பார்க்க வந்தவரிடம் வீட்டு வேலை முழுவதையும் தள்ளாதீர்கள். இரவும் பகலும் ஒருவரே என்றால் அவரும் தூங்க வேண்டும். பணம் எடுக்கும் கார்டையும் ரகசிய எண்ணையும் கொடுக்காதீர்கள். மருந்து, சாப்பாடு, தூக்கம் ஆகியவற்றை அவர் தினமும் குறிக்க ஒரு நோட்டு வையுங்கள்.

ஒரு வாரம் கழித்து, அவர் இல்லாத நேரம் பார்த்துப் பெரியவரிடம் மெதுவாகக் கேளுங்கள். அவரால் பேச முடியாவிட்டால், அந்த ஆள் அறைக்குள் வரும்போது அவர் முகம் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். காரணம் தெரியாத காயமோ புதிதாக ஒரு பயமோ தெரிந்தால், அன்றைக்கே வேறு ஏற்பாடு செய்யுங்கள்.