நலங்கு மாவு: பெங்களூரில் இருந்துகொண்டே அரைப்பது எப்படி?

எங்கள் அம்மாயிக்கு (அம்மாவின் அம்மா) ஊர் ஈரோட்டுப் பக்கம். சோப்பு அவருக்குத் துணி துவைக்க மட்டும்தான். உடம்புக்குத் தினமும் பயத்தமாவு. செவ்வாய், வெள்ளியில் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது நலங்கு மாவு. அதே மாவை பெங்களூர் அல்சூரில் என் வீட்டுக்கு வருஷத்தில் இரண்டு முறை அரைக்கிறேன். போர்வெல் தண்ணீர் வரும் வீட்டுக்காரர்கள் அவசியம் செய்து பாருங்கள். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, வெள்ளையாகத் திரிந்து தோலில் படியும், குளித்து வந்ததும் முகம் இழுக்கும். பயறு மாவில் அந்தத் தொல்லை கிடையாது.

முதல் தடவை செய்பவர்களுக்கு இந்த அளவு போதும்: பச்சைப்பயறு அரை கிலோ, கஸ்தூரி மஞ்சள் 50 கிராம், பூலாங்கிழங்கு 50, காய்ந்த ஆவாரம்பூ 50, காய்ந்த ரோஜா இதழ் 50, வெட்டிவேர் 25.

இங்கே நாட்டு மருந்துக் கடையை கிரந்திகே அங்கடி என்பார்கள். பயறுக்கு ஹெசருகாளு, வெட்டிவேருக்கு லாவஞ்ச என்று கேட்டால் உடனே எடுத்துத் தருவார்கள். பலர் கார்போக அரிசி என்ற மூலிகை விதையும் சேர்ப்பதுண்டு. நான் சேர்ப்பதில்லை, நீங்களும் வேண்டாம். அதிலுள்ள சோராலென் என்ற பொருள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் கருத்துக் கொப்பளிக்கக்கூடும்.

அடுத்து காயவைப்பது. பயறும் கிழங்குகளும் மொட்டை மாடியில் இரண்டு நாள் நல்ல வெயிலில் காயட்டும். பூவை மட்டும் நிழலில் வையுங்கள், வெயிலில் மணம் போய்விடும். பிப்ரவரி, மார்ச் இதற்குத் தோதான மாதங்கள். ஒரு பயறைக் கடித்தால் 'கடுக்'கென்று உடைய வேண்டும். மழுங்கினால் இன்னொரு நாள் வையுங்கள். ஈரம் இருந்தால் வண்டு வந்துவிடும்.

காய்ந்தபின் கிழங்குகளைத் துணியில் சுற்றிக் குழவியால் தட்டி உடையுங்கள். வெட்டிவேரைக் கத்தரிக்கோலால் விரல்நகம் அளவுக்கு நறுக்குங்கள். நீளமாகப் போட்டால் மிக்ஸி பிளேடில் நூல்கண்டு மாதிரி சுற்றிக்கொள்ளும்.

அரைக்கும் இடத்தில்தான் ரொம்பக் கவனம் வேண்டும். முதல் வருஷம் ஒரு மாவு மில்லில் எதுவும் கேட்காமல் டப்பாவைக் கொடுத்துவிட்டேன். எனக்கு முன்னால் யாரோ மிளகாய்த்தூள் அரைத்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் முகத்தில் பூசிய அரை நிமிஷத்தில் கண்ணோரம் தீயாக எரிந்தது. முக்கால் கிலோ மாவையும் கொட்ட வேண்டியதாயிற்று. இப்போதெல்லாம் அரிசி அரைத்து முடியும் வரை காத்திருந்து, அப்புறம்தான் கொடுக்கிறேன். முதலில் விழும் ஒரு பிடி மாவையும் எடுப்பதில்லை. வீட்டு மிக்ஸியில் அரைப்பதானால் காரம் படாத ஜாரில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்து, மெல்லிய வெள்ளைத் துணியில் சலியுங்கள். திப்பி முகத்தைக் கீறும். தூக்கிப் போடாதீர்கள், குதிகாலுக்கும் முழங்கைக்கும் அது அருமை.

சூடான மாவைச் செய்தித்தாளில் பரப்பி ஆறவிட்டுக் கண்ணாடி பாட்டிலில் போடுங்கள். ஈரக் கை படாவிட்டால் ஆறு மாதம் வரும்.

முதலில் கொஞ்சம் குழைத்து முழங்கையின் உள்பக்கம் தடவிக் கழுவிவிட்டு ஒரு நாள் பாருங்கள். அரிப்போ சிவப்போ வராவிட்டால் சரி, குளிக்கலாம். முகத்துக்கு ஒரு ஸ்பூன் போதும். எண்ணெய் வழிகிற முகம் என்றால் வெறும் தண்ணீர். டிசம்பர் குளிரில் தோல் வெடிக்கும்போது பாலோ தயிரோ விட்டுக் குழையுங்கள். பூசி, மெதுவாகத் தேய்த்து, ஈரமாக இருக்கும்போதே கழுவிவிட வேண்டும். காய்ந்து இறுகும் வரை விட்டால் தோல் இன்னும் வறண்டு போகும். எண்ணெய்க் குளியலன்று உடம்புக்கு மூன்று, நான்கு ஸ்பூன் ஆகும். தலைக்குச் சீயக்காய் தனி.

இதைப் பூசினால் நிறம் மாறும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அழுக்கும் எண்ணெய்ப்பிசுக்கும் போகும், தோல் இழுக்காமல் மிருதுவாக இருக்கும். அம்மாயியும் அதற்காகத்தான் பூசினார்.

குளித்து முடித்ததும் பாத்ரூம் ஜல்லடையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் மாவு தங்கி அடைத்துக்கொள்ளும். வெள்ளைத் துண்டு மட்டும் வேண்டாம், மஞ்சள் கறை லேசில் போகாது.