இரவுத் தூண்டிலுக்கு ரேடியம் ஸ்டிக்கரே போதும்

இரவில் கடற்கரையில் தூண்டில் போட, ராடு நுனிக்கு விலை கூடிய விளக்கு தேவையே இல்லை. பைக் ஸ்டிக்கர் வெட்டும் கடையில் வெள்ளை ரேடியம் ஸ்டிக்கர் ஒரு துண்டு வாங்கி, நுனிக்கு ஒரு சாண் கீழே, நரம்பு (தூண்டில் நூல்) ஓடும் வளையத்தில் படாமல் சுற்றிவிடுங்கள். தானாக ஒளிராது, நெற்றி விளக்கு பட்டால் பளிச்சென்று மின்னும். பேட்டரி செலவு கிடையாது.

விளக்கை அணைத்துவிட்டு உட்கார விரும்பினால், மடக்கினால் ஒளிரும் பச்சைக் குச்சி நல்லது. உள்ளிருக்கும் கண்ணாடிக் குழாய் உடைந்து திரவங்கள் கலப்பதால் வரும் வெளிச்சம் அது; ஒரு குச்சி ஓர் இரவுக்குத்தான். குச்சியை நுனியில் வைத்து டேப்பை இறுக்கிச் சுற்றுங்கள். லேசாக ஒட்டி, வீசும்போதே இரண்டைக் கடலில் விட்டிருக்கிறேன், இன்னும் மனசு உறுத்துகிறது. தீர்ந்ததையும் வீட்டுக்கே எடுத்து வாருங்கள்.

மீன் கடிப்பதை அறிய நுனியில் மணி கட்டலாம். ஆனால் காற்றடித்தால் அது சும்மாவே அடிக்கும். நான் நம்புவது நுனியைத்தான். அலை இழுத்தால் சீராகச் சாய்ந்து நிமிரும். மீன் கடித்தால் வெடுக் வெடுக்கென்று துடிக்கும். வளைந்திருந்த நுனி திடீரென நிமிர்ந்து நரம்பு தொய்ந்தால் பலர் கவனிப்பதில்லை. மீன் கரைப்பக்கம் ஓடி வருவதாக இருக்கலாம். உடனே ரீலைச் சுற்றுங்கள்.