முதுகெலும்பில் கிருமித் தொற்று: சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் பெரியப்பாவின் முதுகெலும்பில் தொற்று இருப்பதை உறுதி செய்வதற்கு முன்பே, "ஏதோ இன்ஃபெக்‌ஷன்" என்ற ஊகத்தில் அவருக்குப் பத்து நாள்களுக்கு லெவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுக்கப்பட்டது. வலி சற்றுத் தணிந்தது. வீட்டில் எல்லோரும் நிம்மதியடைந்தோம். மூன்றாவது வாரம் வலி முன்னைவிடக் கடுமையாகத் திரும்பியது. அவருக்கு இருந்தது காசநோய்க் கிருமி. லெவோஃப்ளாக்சசின் அந்தக் கிருமியை ஓரளவு அடக்குமே தவிர, தனியாக அதை ஒழிக்காது. நோயை மறைத்துவைத்து, பரிசோதனையிலும் கிருமி அகப்படாதபடி செய்துவிடும். முதுகெலும்புத் தொற்றில் நேரும் பல தவறுகளுக்கு, கிருமி எது என்று அறியும் முன் மருந்தைத் தொடங்கும் இந்த அவசரமே வேர் என்று நான் கருதுகிறேன்.

இதற்கும் முந்திய தவறு, வலியைச் சாதாரணப் பிடிப்பு என்று எண்ணித் தைலமும் வலி மாத்திரையுமாக வாரங்களைக் கடத்துவது. தசைப்பிடிப்பு ஓய்வெடுத்தால் குறையும். தொற்றினால் வரும் வலியோ படுத்தாலும் விடாது, நள்ளிரவில் எழுப்பிவிடும். பெரியப்பா கட்டிலில் புரண்டு படுக்கவே பெரியம்மாவின் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது. காய்ச்சல் இல்லையே என்று ஆறுதல் கொள்ளவும் முடியாது. இந்நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் காய்ச்சலே வருவதில்லை. சர்க்கரை நோயாளிகள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், அண்மையில் சிறுநீர்த் தொற்றோ தோலில் சீழ்க்கட்டியோ வந்தவர்கள் ஆகியோருக்கு விடாத முதுகுவலி வந்தால் உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரத்தப் பரிசோதனைகள் இரண்டையும் பார்த்துவிட வேண்டும். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதற்கு முதல் இரண்டு மூன்று வாரங்களில் பொருளே இல்லை; எலும்பு கணிசமாக அரிக்கப்பட்ட பிறகே அதில் மாற்றம் தெரியும். ஐயத்தைத் தீர்ப்பது எம்.ஆர்.ஐ.தான்.

எம்.ஆர்.ஐ. இடத்தைக் காட்டும், கிருமியின் பெயரைச் சொல்லாது. சீழ் பிடிக்கும் தொற்றுகளில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் முதலிடத்தில் இருக்கிறது. சிறுநீர்ப் பாதையிலிருந்து வரும் ஈ.கோலை, காய்ச்சாத பாலினாலும் கால்நடைகளினாலும் தொற்றும் புரூசெல்லா ஆகியவையும் உண்டு; நம் நாட்டில் காசநோயை ஒருபோதும் மறக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு, காலம் வேறு. ஆகவே ஆன்டிபயாட்டிக்கின் முதல் வேளைக்கு முன்பே குறைந்தது இரண்டு தனித்தனிக் குத்தல்களில் இரத்தம் எடுத்துக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்ப வேண்டும். அதில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வளர்ந்தால் பெரும்பாலும் பயாப்சி (திசு எடுத்துச் சோதிப்பது) தேவைப்படாது. எதுவும் தெளிவாக வளராவிட்டால் சி.டி. ஸ்கேன் உதவியுடன் ஊசி செலுத்தித் திசு எடுக்க வேண்டும்.

அந்தத் திசுவைக் கையாள்வதில்தான் எங்களுக்கு இன்னொரு அடி விழுந்தது. ஆய்வுக்கூடத்துக்கு டப்பாவைக் கொண்டுபோனவன் நான். வாங்கியவர் மூடியைச் சற்றே திறந்ததும் வந்த நெடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எல்லாத்தையும் ஃபார்மலின்ல போட்டுட்டாங்களே, இதுல கல்ச்சர் வைக்க முடியாது சார்" என்றார். ஃபார்மலின் திசுவைக் கெடாமல் காக்கும், ஆனால் கிருமியைக் கொன்றுவிடும். பெரியப்பா மறுபடியும் ஊசிக்குக் குப்புறப் படுக்க வேண்டியதாயிற்று. ஒரு பகுதி ஃபார்மலினில் திசு ஆய்வுக்கும், மறுபகுதி கிருமி நீக்கிய டப்பாவில் ஃபார்மலின் இல்லாமல் கல்ச்சருக்கும் சிபிநாட் பரிசோதனைக்கும் போக வேண்டும். சிபிநாட் காசநோய்க் கிருமியை மட்டுமன்றி, முக்கியக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் அதற்கு வேலை செய்யுமா என்பதையும் சில மணி நேரத்தில் சொல்லிவிடும். டப்பாக்கள் எத்தனை, எது எதற்கு என்று உடன் இருப்பவர் கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

காத்திருக்கக் கூடாத நிலைமை ஒன்று உண்டு. கால் தளர்ந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் பிரியாமல் நின்றாலோ, இரத்த அழுத்தம் சரிந்தாலோ உடனே இரத்தத்தை எடுத்துக்கொண்டு மருந்தைத் தொடங்கிவிட வேண்டும். தண்டுவடத்தைச் சீழ் அழுத்துகிறதா என்று அதே நாளில் பார்த்து, தேவைப்பட்டால் அறுவை செய்ய வேண்டும். இங்கே ஓர் இரவைத் தள்ளிப்போடுவது ஆயுள் முழுக்க நடக்க முடியாமல் செய்துவிடக்கூடும்.

இரத்தத்தில் ஸ்டஃபைலோகாக்கஸ் வளர்ந்தவருக்கு முதுகை மட்டும் பார்த்துவிட்டு, அந்தக் கிருமி தங்கக்கூடிய இதய வால்வுகளை எக்கோவில் (இதய ஸ்கேனில்) பார்க்காமல் விடுவதும் பிழையே.

வலி நின்றதும் மருந்தை நிறுத்துவது நம் வீடுகளில் மிகுதி. சீழ் பிடிக்கும் தொற்றுக்கு 6 வாரங்கள் வேண்டும். பிரான்சில் 351 பேரிடம் நடத்தி 2015-இல் வெளியான ஆய்வில், 12 வாரங்கள் கொடுத்தவர்களுக்குக் கூடுதல் பயன் கிட்டவில்லை. வடியாத சீழ்க்கட்டி போன்றவை இருந்தால் மட்டும் காலம் நீளலாம். முதுகெலும்புக் காசநோய்க்கோ இந்தியாவில் வழக்கமாக 12 மாதங்கள். இரண்டு மாதம் நான்கு மருந்துகள், பிறகு மூன்று. அரசின் காசநோய்த் திட்டத்தில் இவை இலவசமாகவே கிடைக்கின்றன. ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாவதைக் கண்டு பயந்து நிறுத்திவிடுபவர்களும் இருக்கிறார்கள். அந்த நிறம் மருந்தினுடையது, தீங்கற்றது.

முதுகெலும்புக் காசநோய் என்றதும் அறுவைதான் வழி என்றோ மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்க வேண்டும் என்றோ எண்ணுவதும் சரியன்று. 1970-களில் சென்னையில் தொடங்கிய ஆய்விலேயே, அறுவை இல்லாமல் நடமாடிக்கொண்டே மருந்து உட்கொண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் குணமடைந்தது தெரிந்தது. நரம்பு அழுத்தம், எலும்பு சரிந்து நிலைகுலைதல், மருந்துக்கு இறங்காத சீழ் ஆகியவையே அறுவைக்கான முக்கியக் காரணங்கள்.

மருந்து தொடங்கி நான்காவது மாதத்தில் பெரியப்பாவுக்கு எடுத்த எம்.ஆர்.ஐ. பழையபடியே இருந்தது; மருந்தை மாற்றச் சொல்ல வேண்டும் என்று அண்ணன் பரபரத்தான். எலும்பு ஆறுவது படத்தில் தெரிய வெகுநாளாகும், சில வேளை மோசமானதுபோலவும் தோன்றும். அதனால் வலியையும் நடையையும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. அளவுகளையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும். மருத்துவர் படத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, "கையை ஊன்றாம எழுந்திருங்க, ஐயா" என்றார். பெரியப்பா எழுந்து நின்றார். அதே மருந்து தொடர்ந்தது.