கொழுந்து மடுவத்தில் இரண்டாவது அம்பு

தேயிலைத் தோட்டத்தில், பறித்த இலையை நிறுக்கும் கொழுந்து மடுவத்தில், மாலை நிறுவையின்போது கூடைக்கும் ஈரத்துக்குமெனச் சில கிலோ கழிக்கப்பட்டு, அன்றைய வேலை அரைப்பேராக, அதாவது அரை நாள் கூலிக்கு, குறிக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். இழப்பு அத்துடன் முடிந்துவிடுகிறது. தொழிலாளர் வரிசைவீடான லயத்துக்குத் திரும்பும் வழியெல்லாம், நிறுவையைக் குறித்த கணக்கப்பிள்ளையுடன் மனத்துக்குள் சண்டையிட்டு, அடுப்படியில் பிள்ளைகள்மீது எரிந்து விழுந்து, இரவு உறக்கமின்றிப் புரள்வதோ நாமாகச் சேர்த்துக்கொள்வது. புத்தர் போதனைகளின் தொகுப்பான சங்யுத்த நிகாயத்தின் சல்ல (அம்பு) சூத்திரத்தில் புத்தர் இதை இரண்டு அம்புகளாகச் சொல்கிறார்: முதல் அம்பின் வலி எல்லோருக்கும் பொதுவானது; அதை எண்ணிப் புலம்புவதால் பாயும் இரண்டாவது அம்பு பயிற்சியற்றவரையே தைக்கிறது.

அந்த இரண்டாவது அம்பைத் தவிர்க்கும் பழக்கம் கோபம் வந்தபின் தொடங்கினால் கைகூடாது. விடியற்காலையில், கம்பளியைப் போர்த்தியபடியே, பத்து நிமிடம் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, நீண்ட மூச்சை நீண்டதென்றும் குறுகிய மூச்சைக் குறுகியதென்றும் அறிந்திருங்கள். ஒரே காம்பிராவில் (அறையில்) ஆறு பேர் வாழும் வீட்டில் அமைதி கிடைக்காதுதான்; பக்கத்துச் சுவர் வழியே வரும் வானொலியை வெறும் ஒலியாகக் கேட்டுவிட்டு மூச்சுக்குத் திரும்பினால் போதும். நடத்தல், நிற்றல், கையை மடக்குதல், நீட்டுதல் ஆகிய அனைத்தையும் விழிப்புடன் கவனித்திருப்பதைப் பற்றிய சதிபட்டான சூத்திரம் பயிற்சியாகவே கொள்வதால், கொழுந்து பறிக்கும் கைகளின் அசைவும் அதற்குப் பொருந்தும். ஆனால் குளவிக்கூடு இருக்கக்கூடிய மலைச்சரிவில் தியானம் என்ற பெயரில் மெய்மறந்து நிற்கவேண்டாம்; சுற்றுப்புறத்தைத் தெளிவாகக் கவனிப்பதும் இப்பயிற்சியில் அடங்கும்.

நிறுவையில் குறை நேரும் கணத்தில், நெஞ்சில் எழும் சூட்டையும் தாடையின் இறுக்கத்தையும் உணர்ந்து, "கோபம் வந்திருக்கிறது" என்று உள்ளுக்குள் சொல்லி, மூன்று மூச்சு பொறுத்திருங்கள். அதன்பின் பேசுங்கள். பொறுமையின் பெயரால் வாயை மூடிக்கொள்வதைப் புத்தரின் போதனையாக யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பவேண்டாம். நற்சொல்லுக்கு, மற்றொரு போதனைத் தொகுப்பான அங்குத்தர நிகாயம் ஐந்து அடையாளங்கள் கூறுகிறது: உரிய நேரத்தில், உண்மையாக, மென்மையாக, பயனுள்ளதாக, நல்லெண்ணத்துடன் பேசப்படுவது. மறுநிறுவை கேட்பதற்கும் மறுநாள் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரிடம் முறையிடுவதற்கும் இந்த ஐந்தும் தடையல்ல. கத்தித் தீர்ப்பதைவிட அவை வழக்கை வலுவாக்கும் என்பது என் கருத்து.

இதற்காக மாரியம்மனை விட்டு மதம் மாறவேண்டியதில்லை. இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் பொது விடுமுறை என்பதால், அன்று சற்று நீண்ட நேரம் அமரலாம்.

இரவில், உறங்குமுன், "நலமாயிருக்கட்டும்" என்ற மெத்தா (அன்பு) எண்ணத்தை முதலில் உங்கள்மீதும், பின் வீட்டார்மீதும், அதன்பின் அதிகம் பழகாத அயலவர்மீதும் செலுத்துங்கள். கணக்கப்பிள்ளையைச் சில வாரங்களுக்குத் தள்ளிவையுங்கள். பகைவரிடமிருந்து தொடங்கவேண்டாம் என்றே பழைய ஆசிரியர்களும் அறிவுறுத்தியுள்ளனர். அவர் முறை வரும்போது பல் நறநறத்தால், தயங்காமல் மீண்டும் வீட்டாரிடமே திரும்பிவிடுங்கள்.