கணித வகுப்பில் மாணவர்களை ஈடுபடுத்துவது எப்படி? ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

தொடக்க வகுப்புகளில் விரல்விட்டு எண்ணி மகிழ்ந்த பிள்ளைகளே, பின்னமும் குறை முழுக்களும் இயற்கணிதமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும் நடுநிலை வகுப்புகளில் மெல்ல மெல்லக் கணிதத்தை விட்டு விலகுகிறார்கள். இதைச் சரிசெய்ய நினைக்கும் ஆசிரியர்கள் பலர் பாட்டையும் விளையாட்டையும் பரிசையும் நாடுகிறார்கள். அவற்றில் தவறொன்றும் இல்லை. ஆயினும் பாட்டு முடிந்ததும் ஆர்வமும் முடிந்துவிடுகிறது. ஒரு கணக்கைத் தானே யோசித்து, ஒரு வழியைக் கண்டு, அது சரிதான் என்று தானே உறுதிசெய்துகொள்ளும்போது உண்டாகும் நிறைவுதான் நிலைத்த ஆர்வத்தைத் தருகிறது என்பது என் உறுதியான எண்ணம். அந்த நிறைவு வகுப்பின் முதல் ஐந்து பேருக்கு மட்டுமன்றிக் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் கிடைக்கும்படி பாடவேளையை எவ்வாறு அமைக்கலாம் என்பதையே இங்கே விளக்க முயல்கிறேன்.

முதலில் அச்சத்தைக் குறையுங்கள்

ஒருவரை எழுப்பி நிறுத்தி, "பதினேழு ஏழு எவ்வளவு? சட்டென்று சொல்" என்று கேட்பதும், விடை தெரியாது என்று அறிந்தே ஒருவரைக் கரும்பலகைக்கு அழைப்பதும், முதலில் முடித்தவரை மட்டும் பாராட்டுவதும், கணிதம் வேகமானவர்களுக்கே உரியது என்ற எண்ணத்தை மற்றவர்கள் மனத்தில் ஆழப் பதித்துவிடுகின்றன. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வெளியிட்ட ஆய்வுகளில், ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருப்பதாகக் கண்டறிந்தார். அந்த இடைவெளி மூன்று விநாடியாகவோ அதற்கு மேலாகவோ நீண்டபோது, மாணவர்களின் பதில்கள் விரிவடைந்தன. வழக்கமாக வாய் திறக்காதவர்களும் பேச முன்வந்தார்கள்.

இதை நடைமுறைப்படுத்துவதற்குப் பொருட்செலவு எதுவும் இல்லை. கேள்வியைக் கேட்டபின் யாரும் கை தூக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். கேள்வி சற்றுக் கடினமானதாக இருந்தால், ஒரு நிமிடம் நோட்டில் எழுதிப் பார்க்கவும், அடுத்த ஒரு நிமிடம் பக்கத்தில் இருப்பவரோடு பேசவும் நேரம் கொடுங்கள். அதன்பின் ஒருவரை எழுப்பும்போது, "உன் விடை என்ன?" என்று கேட்பதைவிட, "நீங்கள் இருவரும் என்ன பேசிக்கொண்டீர்கள்?" என்று கேட்பது நல்லது. விடை தவறாகப் போனாலும் அந்தச் சுமையைத் தனியாகத் தாங்க வேண்டியதில்லை என்பதால், கூச்சம் உள்ள பிள்ளையும் பேசிவிடும்.

எல்லோராலும் தொடங்கக்கூடிய கணக்கைத் தேர்ந்தெடுங்கள்

நீளம் 8 செ.மீ., அகலம் 4 செ.மீ. உள்ள செவ்வகத்தின் சுற்றளவையும் பரப்பளவையும் காண்க என்ற கணக்கில், சூத்திரம் தெரிந்தவர் அரை நிமிடத்தில் முடித்துவிட்டு வேடிக்கை பார்ப்பார். தெரியாதவர் அடுத்தவர் நோட்டைப் பார்த்து எழுதுவார். இருவருமே யோசிக்கவில்லை. அதே பாடத்தில் கேள்வியை இப்படித் திருப்பிப் போடலாம்: சுற்றளவு 24 செ.மீ. இருக்கும்படி எத்தனை செவ்வகங்கள் வரையலாம்? பக்கங்கள் முழு எண்களாக இருக்கட்டும். அவற்றுள் எதன் பரப்பளவு மிகுதி?

இந்தக் கேள்விக்கு ஒரு கட்டம் போட்ட நோட்டு போதும்; இரு முனைகளையும் சேர்த்தபின் 24 செ.மீ. சுற்று வரும்படி கட்டிய ஒரு நூலும் இருந்தால் இன்னும் நல்லது. சூத்திரத்தை மறந்துபோன பிள்ளையும் நூலை விரித்து ஒரு செவ்வகமாவது வரைந்துவிடும். சுற்றளவு ஒன்றாக இருந்தால் பரப்பளவும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று பெரும்பாலான மாணவர்கள் நம்புவார்கள். ஆகவே தொடங்கும் முன் எல்லோரையும் ஓர் ஊகத்தை எழுதிவைக்கச் சொல்லுங்கள். தன் ஊகம் சரியா என்று அறியும் ஆவலே அவர்களை அடுத்த பத்து நிமிடம் வேலை செய்ய வைக்கும். அந்தப் பத்து நிமிடத்தில் ஆசிரியர் விடை சொல்லக் கூடாது. வரிசைகளுக்கு இடையே நடந்தபடி, "இதைவிட ஒல்லியான செவ்வகம் உண்டா?", "எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டோம் என்று எப்படி உறுதியாகச் சொல்வாய்?" என்று கேட்டால் போதும்.

பிறகு கரும்பலகையில் ஓர் அட்டவணை எழும். 11, 1 பக்கங்களுக்குப் பரப்பளவு 11. 10, 2 என்றால் 20. அடுத்து 27, 32, 35. கடைசியாக 6, 6 என்று வரும்போது 36. அந்தக் கடைசி வடிவம் சதுரமாயிற்றே, அதைச் செவ்வகங்களின் கணக்கில் சேர்க்கலாமா என்று வகுப்பில் ஒரு வழக்கு எழுந்தே தீரும். அதை நீங்கள் தீர்த்துவைக்காதீர்கள். செவ்வகம் என்பதற்குப் பாடநூல் தரும் வரையறையை அவர்களே திறந்து படித்து வாதாடட்டும். மனப்பாடத்துக்காக மட்டுமே இருந்த ஒரு வரையறை அன்றைக்குத்தான் பயன்பாட்டுக்கு வருகிறது. இதற்குள் முடித்துவிட்டவர்களுக்கும் வேலை உண்டு. அடுத்தடுத்த பரப்பளவுகளின் வித்தியாசம் 9, 7, 5, 3, 1 என்று ஒற்றை எண்களாகக் குறைவது ஏன் என்றும், பக்கங்கள் தசம எண்களாக இருக்கலாம் என்றால் 36 என்ற எல்லையைத் தாண்ட முடியுமா என்றும் அவர்கள் ஆராயலாம்.

பாடநூலில் உள்ள எந்தக் கணக்கையும் இப்படி மாற்றிக்கொள்ளலாம். விடையைக் கொடுத்துவிட்டுக் கேள்வியை உருவாக்கச் சொல்வதும், ஓர் எண்ணை நீக்கிவிட்டு அங்கே என்னென்ன எண்கள் பொருந்தும் என்று கேட்பதும் எளிய வழிகள்.

தவறான விடையைப் பாடமாக்குங்கள்

1/2 உடன் 1/3 ஐக் கூட்டச் சொன்னால் பாதி வகுப்பு 2/5 என்று எழுதுவதை நடுநிலை வகுப்பு ஆசிரியர் எவரும் கண்டிருப்பார். சிவப்பு மையால் அடித்துவிட்டு, மீச்சிறு பொது மடங்கு காணும் முறையை மறுபடி விளக்குவதே வழக்கம். அடுத்த வாரம் அதே தவறு திரும்பி வரும். ஏனென்றால் அந்த விடை ஏன் பொருந்தாது என்பதை மாணவர் இன்னும் காணவில்லை.

அதற்கு மாறாக, 2/5, 5/6 என்ற இரண்டு விடைகளையும் பெயர் குறிப்பிடாமல் கரும்பலகையில் அருகருகே எழுதுங்கள். எது சரி என்று சொல்ல வேண்டாம். 2/5 என்பது அரையைவிடப் பெரியதா, சிறியதா என்று மட்டும் கேளுங்கள். 12 செ.மீ. நீளத்தில் ஒரு காகிதப் பட்டையை எல்லோரும் வெட்டி எடுக்கட்டும். பாதி 6 செ.மீ., மூன்றில் ஒரு பங்கு 4 செ.மீ.; இரண்டும் சேர்ந்தால் 10 செ.மீ., அதாவது பன்னிரண்டில் பத்து. பட்டையின் ஐந்தில் இரண்டு பங்கோ 4.8 செ.மீ. மட்டுமே. அரையோடு இன்னொன்றைக் கூட்டியும் அரைக்குக் குறைவாக எப்படி வந்தது என்று அவர்களே திகைப்பார்கள். அந்தத் திகைப்புக்குப் பிறகு பொதுப்பகுதி காணும் முறையைச் சொல்லிக்கொடுத்தால், அது ஒரு தேவையை நிறைவேற்றும் கருவியாக அவர்கள் கையில் சேரும்.

இதில் இன்னொரு படியும் உண்டு. அதைத் தவறவிடக் கூடாது. 2/5 என்று எழுதியவர் மூளையில்லாமல் எழுதவில்லை. இரண்டு பந்தில் ஒன்றைச் சிக்சர் அடித்து, அடுத்த மூன்று பந்தில் ஒன்றைச் சிக்சர் அடித்தால், மொத்தம் ஐந்து பந்தில் இரண்டு சிக்சர் என்பது சரியான கணக்குதான். அங்கே ஒவ்வொரு முறையும் முழுமை வேறு; பின்னக் கூட்டலிலோ இரண்டு பங்குகளும் ஒரே முழுமையிலிருந்து எடுக்கப்படுகின்றன. இந்த வேறுபாட்டை வகுப்பின் முன் விளக்கும்போது, தவறிழைத்த மாணவர் தன் யோசனைக்கும் ஓர் அடிப்படை இருந்தது என்று நிமிர்ந்து உட்காருகிறார்.

பிள்ளைகள் அறிந்த உலகிலிருந்து கணக்கை எடுங்கள்

ஒருவர் 60 தர்ப்பூசணி வாங்கினார் என்ற பாணிக் கணக்குகள் வாழ்க்கையோடு ஒட்டாதவை என்பது பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். தமிழகத்து வகுப்பறை என்றால், வாசலில் போடும் கோலமே போதும். நேர்ப்புள்ளி 7 முதல் 1 வரை என்று கோலநோட்டில் எழுதியிருந்தால், வரிசைகள் 1, 3, 5, 7, 5, 3, 1 என்று அமையும். மொத்தம் 25 புள்ளிகள். நடுவரிசை வரை உள்ளவை 16, மீதி 9. இரண்டும் வர்க்க எண்கள். நடுவில் 15 புள்ளி வைத்தால் மொத்தம் எவ்வளவு என்று எண்ணாமல் சொல்ல முடியுமா என்று கேளுங்கள். 64 உடன் 49 சேர்ந்து 113 என்று கண்டுபிடிக்கும் மாணவர், 1 முதல் தொடர்ந்து வரும் ஒற்றை எண்களின் கூடுதல் வர்க்க எண்ணாகும் என்ற விதியைத் தன் சொந்தக் கண்டுபிடிப்பாகவே பெறுகிறார். இடுக்குப்புள்ளி 7 முதல் 4 வரை என்றால் கணக்கு வேறு வடிவம் எடுக்கும்; அதை வீட்டுப்பாடமாகத் தரலாம். வீட்டு மின்கட்டணம் படிநிலைகளாகக் கணக்கிடப்படுவதால், எட்டாம் வகுப்புக்கு அதுவும் நல்ல பொருள். அன்றைய நாளில் நடப்பில் உள்ள கட்டண விகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

கணிதத்தின் வியப்பையும் காட்டுங்கள்

பயன்பாடு மட்டுமே ஆர்வம் தருவதில்லை. மகாராஷ்டிரத்தில் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த டி. ஆர். காப்ரேகர் கண்டறிந்த 6174 என்ற எண்ணைக் கழித்தல் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம். நான்கும் ஒரே இலக்கமாக இல்லாத எந்த நான்கு இலக்க எண்ணையும் எடுத்து, இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் எழுதிக் கழித்துக்கொண்டே போக வேண்டும். 3524 என்று தொடங்கினால் 5432 − 2345 = 3087; அடுத்து 8730 − 0378 = 8352; அடுத்து 8532 − 2358 = 6174. அதற்குப்பின் அதுவே திரும்பத் திரும்ப வரும். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிகளுக்குள் அங்கேயே வந்து சேர வேண்டும் என்பதால், வராதவர் தன் கழித்தலில் பிழை இருப்பதைத் தானே தேடிக் கண்டுபிடிக்கிறார். இருபது கழித்தல் கணக்குகளை வீட்டுப்பாடமாகக் கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இராமானுஜனின் பிறந்தநாளான டிசம்பர் 22 தேசிய கணித தினமாக 2012 முதல் கொண்டாடப்படுகிறது. அன்று அவருடைய மேதைமையைப் புகழ்ந்து பேசுவதோடு நிறுத்தினால், கணிதம் பிறவி மேதைகளின் துறை என்றே பிள்ளைகள் எண்ணுவார்கள். 1 முதல் 12 வரை உள்ள எண்களின் கனங்களைக் கரும்பலகையில் எழுதி, அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் 1729 ஐ இரண்டு கனங்களின் கூடுதலாக இரு வழிகளில் எழுதச் சொல்லுங்கள்.

பாராட்டும் மதிப்பெண்ணும்

உளவியல் ஆய்வாளர்களான கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், அறிவாளி என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் ஒரு தோல்விக்குப்பின் விரைவில் சோர்ந்தார்கள்; முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து முயன்றார்கள். எனவே, "கெட்டிக்காரன்" என்று சொல்வதைவிட, "அட்டவணை போட்டுப் பார்த்தாயே, அதனால்தான் எதுவும் விடுபடவில்லை" என்று செய்த செயலைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். நோட்டுத் திருத்தும்போதும் வாரம் ஒருமுறை மதிப்பெண் இடாமல், "மூன்றாம் வரியில் குறியைச் சரிபார்" என்பதுபோல் ஒரு குறிப்பு மட்டும் எழுதுங்கள். மதிப்பெண் இருந்தால் பிள்ளைகள் அதை மட்டுமே பார்ப்பார்கள்.

நேரம் எங்கே கிடைக்கும்?

பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய நெருக்கடி உண்மையானது. ஆகவே நாள்தோறும் ஐந்து நிமிடமும், வாரத்தில் ஒரு பாடவேளையும் மட்டும் ஒதுக்கித் தொடங்குங்கள். ஐந்து நிமிடத்தில் 18 × 5 போன்ற ஒரே ஒரு மனக்கணக்கைக் கொடுத்து, எத்தனை வழிகளில் 90 வந்தது என்று கேட்டு எழுதலாம். 9 × 10 என்று மாற்றியவரும், 100இலிருந்து 10 ஐக் கழித்தவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பார்கள். வாரப் பாடவேளையில் மேலே சொன்னவை போன்ற ஒரு கணக்கை நடத்தலாம். வகுத்தல் வராததால் இயற்கணிதத்தில் திணறும் மாணவர்கள் யார் யார் என்பது அப்போது தெளிவாகத் தெரியவரும். அவர்களுக்கு அந்த அடிப்படையை முதலில் கற்றுக்கொடுக்காமல் எந்த உத்தியும் பலன் தராது. ஒவ்வொரு வாரமும் யார் பேசினார்கள், யார் பேசவே இல்லை என்று வருகைப் பட்டியலின் நகலில் குறித்துவைத்து, பேசாதவர்களைப் பொறுமையாகக் கேட்கும் ஒரு தோழரோடு அடுத்த வாரம் இணைத்து அமர்த்துங்கள்.